ஒரு அடி அகலத்துக்குத்தான் காசு: வீட்டு கோல்ஃப் சிமுலேட்டர் மேட்

வீட்டில் கோல்ஃப் சிமுலேட்டர் (திரையை நோக்கிப் பந்தடித்து விளையாடும் ஏற்பாடு) போடுகிறவர்கள் லாஞ்ச் மானிட்டர் (அடித்த பந்தை அளக்கும் கருவி) எது, ப்ரொஜெக்டர் எது என்று மாதக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொள்வார்கள். பந்தை வைத்து அடிக்கும் விரிப்பான மேட் வாங்கும் நேரத்தில் கையில் மிச்சமிருக்கும் காசுக்கு ஒரு பச்சைக் கம்பளம் வரும். அதைக் கான்கிரீட்டில் அப்படியே விரித்துவிடுவார்கள். ப்ரொஜெக்டர் சுமாராக இருந்தால் படம் மங்கலாகத் தெரியும், அதோடு போயிற்று. மேட் சுமாராக இருந்தால் முதலில் ஸ்விங், அதாவது மட்டையை வீசும் முறை, கெடும், பிறகு முழங்கை கெடும். ஸ்விங் கெடுவது திரையில் தெரியாது என்பதுதான் இதில் பெரிய வில்லங்கம்.

ஐயனால் (இரும்புத் தலை வைத்த மட்டை) அடிக்கும்போது கிளப், அதாவது மட்டை, முதலில் பந்தைத் தொட்டு, அதற்குப் பிறகுதான் தரையைத் தொட வேண்டும். பந்துக்குப் பின்னால் இரண்டு அங்குலத்திலேயே தரையில் இறங்கிவிட்டால் அது ஃபேட் ஷாட். புல்தரையில் கிளப் மண்ணுக்குள் புதைந்து, வேகமெல்லாம் மண்ணோடு போய், பந்து பாதி தூரத்தில் விழும். அடித்தவருக்கு உடனே தெரிந்துவிடும். அதே அடியைக் கெட்டியான மேட்டில் அடித்தால் கிளப் புதைய வழியில்லை. கிளப்பின் அடிப்பாகமான சோல் மேட்டின் மேல் சறுக்கி, லேசாக எம்பி, கிட்டத்தட்ட முழு வேகத்தோடு பந்தில் போய் மோதும். திரையில் 150 கஜம் என்று வரும், நல்ல அடி என்று நினைத்து அடுத்த பந்தை வைப்போம். வட அமெரிக்கக் குளிரில் நவம்பரிலிருந்து மார்ச் வரை பேஸ்மென்டில் இப்படிப் பழகிவிட்டு ஏப்ரலில் மைதானத்துக்குப் போகிறவர், முதல் நாலு குழியிலேயே மண்ணைக் கிளறிக் கிளறி உருளைக்கிழங்கு அறுவடை செய்துவிடுவார்.

முழங்கை விஷயமும் இதே காரணத்தில்தான் தொடங்குகிறது. மண் கொடுத்து வாங்கும், கான்கிரீட் கொடுக்காது. கிளப் திடீரென்று தடைபடும் அதிர்ச்சி கிளப்பின் தண்டான ஷாஃப்ட் வழியாக மணிக்கட்டுக்கும் முன்கைக்கும் ஏறுகிறது. முழங்கையின் உட்பக்கம் வலித்தால் அதற்கு கோல்ஃபர்ஸ் எல்போ என்று பெயர், வெளிப்பக்கம் வலித்தால் டென்னிஸ் எல்போ. இன்னொன்று அதிகம் பேசப்படாதது: வலக்கைக்காரருக்கு இடது உள்ளங்கையில், சுண்டுவிரல் பக்கத்து அடிமேட்டில், கிரிப்பின் முனை வந்து அழுத்தும் இடத்தில் ஒரு சின்னக் கொக்கி எலும்பு இருக்கிறது. தரையில் பலமாக மோதும் அடிகளில் அதில் விரிசல் விழுவது உண்டு. அந்த இடத்தில் தொட்டாலே வலித்தால் தைலம் தடவிக்கொண்டு அடிக்காமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

மேட் வாங்குவதில் முதலில் புரிந்துகொள்ள வேண்டியது, அது இரண்டு பொருள் என்பது. நிற்கும் இடம் ஒன்று, அடிக்கும் இடம் ஒன்று. இரண்டுக்கும் வேண்டிய குணம் நேர் எதிர். காலுக்குக் கீழே அமுங்கக் கூடாது, பந்துக்குக் கீழே அமுங்காமல் இருக்கக் கூடாது. முழுக்க ஒரே மாதிரி இருக்கும் மேட் இந்த இரண்டில் ஒன்றைக் கெடுத்துத்தான் ஆகும். அதனால் பெரிய மேட்டைத் தேடுவதைவிட, பந்து வைக்கும் இடத்துக்கு மட்டும் ஏறக்குறைய ஒரு அடி அகலமுள்ள நல்ல ஸ்ட்ரிப் வாங்கி, சுற்றிலும் நிற்கும் மேடையை பிளைவுட்டில் கட்டிக்கொள்வதே மேல். தேய்வதும் அந்த ஸ்ட்ரிப்தான். தேய்ந்தால் அதை மட்டும் மாற்றினால் போதும்.

சந்தையில் உள்ள அடிக்கும் பரப்புகளை மூன்று ஜாதியாகப் பிரிக்கலாம். முதலாவது, அடர்த்தியான தடித்த நைலான் இழைக் கம்பளத்தை ஃபோமில் ஒட்டியது. கன்ட்ரி கிளப் எலீட் இந்த வகையில் நன்றாக அறியப்பட்டது. நிஜ மரத்தாலான டீயையே (பந்தைத் தூக்கி வைக்கும் சின்ன முளை) இதில் குத்தி நிற்க வைக்கலாம், அது பெரிய வசதி. இரண்டாவது, ஃபைபர்பில்ட் போன்ற பிரஷ் வகை. துணி துவைக்கும் பிரஷ்ஷைப் பெரிதாக்கிப் படுக்க வைத்த மாதிரி, இழைகள் செங்குத்தாக நிற்கும். பந்து இழைகளின் நுனியில் உட்காரும், கிளப் இழைகளுக்குள் புகுந்து வெளியே வரும். கைக்கு ரொம்ப இதமானது இதுதான். ஆனால் பந்துக்கு ஒரு அங்குலம் பின்னால் இறங்கினாலும் கிளப் தடையில்லாமல் போய்விடும், தண்டனை குறைவு. மூன்றாவது, ட்ரூஸ்ட்ரைக் மாதிரி, டர்ஃபுக்கு (செயற்கைப் புல்) அடியில் ஜெல் வைத்தது. கிளப் இறங்கியதும் மேற்பரப்பு ஜெல்லின் மேல் முன்பக்கமாக நகர்ந்து கொடுக்கும். ஃபேட் ஷாட் அடித்தால் கையில் ‘சப்’பென்று ஒரு மந்தம் தெரியும். மண்ணுக்குக் கிட்டத்தில் வருவது இந்த உணர்வுதான். தூக்கி நகர்த்த இரண்டு பேர் வேண்டும் என்பது இதன் குறை.

ஏற்கெனவே முழங்கையில் வலி உள்ளவர் பிரஷ்ஷையோ ஜெல்லையோ பார்ப்பது நல்லது. கையில் கோளாறில்லை, ஐயன் அடியைத் திருத்துவதுதான் நோக்கம் என்றால் ஜெல். நெடுந்தூரம் அடிக்கும் பெரிய தலை மட்டையான டிரைவரையும் ‘வுட்’ வகை மட்டைகளையுமே அதிகம் பயன்படுத்துபவர்களுக்கு நைலான் மேட் தாராளமாகப் போதும். மெல்லிய ஃபோம் ஒட்டிய, மொத்தமே அரை அங்குலமுள்ள டிரைவிங் ரேஞ்ச் மேட்டை டிரைவர் தவிர வேறெதற்கும் சொல்ல மனம் வரவில்லை.

கடையில் பார்த்து வாங்க வழி இருந்தால் மேட்டைக் கம்பளத்தின் மேலோ ரப்பர் தரையின் மேலோ வைத்துப் பார்க்கக் கூடாது, வெறும் கான்கிரீட்டில் போடச் சொல்ல வேண்டும். முட்டி போட்டு உட்கார்ந்து, கையை மடக்கி, விரல் முட்டிகளால் மிதமாக ஒரு குத்து. அடியில் தரை ‘ணங்’கென்று தட்டுப்பட்டால் ஏழாம் ஐயனுக்கும் அதே தட்டுப்படும். பிறகு வேண்டுமென்றே மூன்று ஃபேட் ஷாட் அடித்துப் பார்க்கலாம். மூன்றும் நல்ல அடி மாதிரியே இருந்தால் அந்த மேட் பொய் சொல்கிறது.

இழை நைலான்தானா என்று விற்பவரை நம்பத் தேவையில்லை. தண்ணீரின் அடர்த்தி 1 என்றால் நைலானுடையது 1.14, பாலிப்ரொப்பிலீனுடையது 0.91-க்குள். மேட்டின் ஓரத்திலிருந்து நாலைந்து இழையைக் கத்தரித்து, ஒரு துளி பாத்திரம் கழுவும் சோப்பு விட்ட தண்ணீர் டம்ளரில் போட்டு, விரலால் அமுக்கிக் காற்றுக் குமிழியைப் போக்கிவிட வேண்டும். சோப்பு விடாவிட்டால் நைலானும் மேலேயே மிதந்து ஏமாற்றும். அடியில் போய் உட்கார்ந்தால் பெரும்பாலும் நைலான். அமுக்க அமுக்க மேலே வந்தால் பாலிப்ரொப்பிலீனோ பாலிஎத்திலீனோ. இது ஏன் முக்கியம் என்றால், கிளப் உரசும் சூட்டில் பாலிப்ரொப்பிலீன் 165 டிகிரி செல்சியஸ் பக்கத்திலேயே உருகிவிடும். நைலான் 220 பக்கத்திலோ அதற்கு மேலோதான் உருகும். வீட்டு முற்றத்துக்குப் போடும் செயற்கைப் புல் பெரும்பாலும் மிதக்கிற ஜாதிதான். அதை அடிக்கும் இடத்தில் போட்டால் சீக்கிரமே நடுவில் வழுக்கையாகிவிடும்.

ஸ்ட்ரிப்பின் அளவு பற்றி இரண்டு வார்த்தை. அகலம் மிகவும் குறைந்தால் கிளப் தலையின் முனை ஓரத்தில் இடிக்கும். நீளத்தில், பந்துக்குப் பின்னால் ஒரு அடியாவது, முன்னால் ஒரு அடியாவது வேண்டும். கிளப் தாழ வரும்போது ஸ்ட்ரிப்பின் விளிம்பு ஒரு மி.மீ. தூக்கிக்கொண்டிருந்தாலும் அங்கே சிக்கும்.

இனி மேடை. சரிசெய்ய வேண்டியதெல்லாம் உயரம் ஒன்றுதான், பலரும் தடுக்கி விழுவது அதில்தான். ஸ்ட்ரிப்பின் மொத்த உயரம் 45 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். நிற்கும் பக்கம் 18 மி.மீ. பிளைவுட், அதன் மேல் 10 மி.மீ. கெட்டி ரப்பர், அதன் மேல் 20 மி.மீ. டர்ஃப். கூட்டினால் 48. மூன்று மி.மீ. அதிகமாயிற்றே என்று சீவப் போக வேண்டாம். ஆள் ஏறி நின்றால் டர்ஃபின் இழை மடிந்து அந்த மூன்றும் போய்விடும். அளப்பதும் அப்படித்தான்: ஒருவர் ஷூவோடு நிற்க, நேரான அலுமினியச் சட்டம் ஒன்றை ஷூ அடியிலிருந்து ஸ்ட்ரிப் வரை வைத்துப் பார்க்க வேண்டும். பந்து காலைவிட ஒரு சென்டிமீட்டர் உயரத்தில் இருந்தால் வலக்கைக்காரரின் பந்து இடப்பக்கம் இழுக்கும், அவர் ஸ்விங்கைக் குறை சொல்லிக்கொண்டிருப்பார். குழந்தைகள் அறையில் போடும் புதிர் மாதிரிப் பூட்டிக்கொள்ளும் ஈவிஏ ஃபோமை நிற்கும் இடத்தில் போடும் பழக்கம் ஒன்று இருக்கிறது. மலிவு, வெட்டுவதும் சுலபம். ஆனால் டிரைவர் வீசும்போது பின்கால் அதில் அமுங்கி ஆடும். பந்து உருண்டு ஓடும் முன்பக்கத்துக்கு அது போதும், காலுக்குக் கீழே ரப்பர்தான்.

மேடையில் ஸ்ட்ரிப்புக்கான பள்ளத்தை ஒவ்வொரு பக்கமும் 2 மி.மீ. இடைவெளி விட்டு வெட்டினால் கையாலேயே தூக்கி எடுக்கலாம். இறுக்கமாக வெட்டினால் ஸ்ட்ரிப் நடுவில் உப்பும். மேட் முன்னால் நகராமலிருக்க ஆணியோ திருகோ போடுவதானால் வெளி ஓரத்துச் சட்டத்தில் மட்டும். கிளப் போகும் வழியில் ஒரு ஸ்டேப்பிள் முள்கூட இருக்கக் கூடாது. டர்ஃப் தேய்ந்த பிறகு அதைக் கண்டுபிடிப்பது உங்கள் வெட்ஜின் (பந்தை உயரத் தூக்கி அடிக்கும் குட்டை மட்டை) விளிம்பாக இருக்கும்.

மேடை கட்டினால் கூரையும் அந்த அளவுக்குத் தாழும் என்பதை மறந்துவிடுகிறார்கள். ஒன்பது அடிக் கூரையில் டிரைவர் மயிரிழையில் தப்பிக்கொண்டிருந்தால், இரண்டு அங்குல மேடைக்குப் பிறகு தப்பாது. கட்டுவதற்கு முன்பே இரண்டு அங்குலப் பலகை மேல் நின்று மெதுவாக வீசிப் பார்த்துவிட வேண்டும்.

லாஞ்ச் மானிட்டருக்கும் இந்த உயரத்துக்கும் நேரடித் தொடர்பு. ஸ்கைட்ராக், ஜிசி3 போலப் பந்துக்குப் பக்கத்தில் உட்காரும் கேமரா வகைகள் பந்து இருக்கும் அதே மட்டத்தில் இருக்க வேண்டும். பந்து 45 மி.மீ. மேடையிலும் கருவி வெறும் தரையிலும் இருந்தால் அது பந்தைச் சரியாகப் பார்க்காது. பார்த்தாலும் கோணம் சந்தேகம்தான். மேடையையே அகலமாகக் கட்டிக் கருவிக்கும் அதில் இடம் விடுவது சுலபம். கார்மின் ஆர்10 போன்ற ரேடார் வகை பந்துக்கு 6 முதல் 8 அடி பின்னால் நிற்கும். அங்கேயும் அதே உயரத்தில் ஒரு பலகைத் துண்டு வேண்டும். கூரையில் மாட்டும் வகையானால் மேட்டின் உயரம் மாறும் ஒவ்வொரு முறையும் காலிப்ரேஷன் (அளவைச் சரிப்படுத்துவது) செய்தே தீர வேண்டும்.

கராஜில் போடுகிறவர்களுக்குத் தனியாக ஒரு தலைவலி. வட அமெரிக்க கராஜ் தரை சமமாக இருக்காது, தண்ணீர் வழிய வேண்டும் என்று கதவுப் பக்கம் சரிவாகவே வார்த்திருப்பார்கள். ஒரு அடி நீளத்துக்கு எட்டில் ஒரு அங்குலம் முதல் கால் அங்குலம் வரை இருக்கும். ஐந்தடி மேடைக்கு அது அரை அங்குலத்துக்கு மேல், சில வீடுகளில் ஒன்றேகால் அங்குலம். கண்ணுக்குத் தெரியாது, காலுக்குத் தெரியும். மேடையின் தாழ்ந்த பக்கத்தில் சட்டத்துக்கு அடியில் பிளாஸ்டிக் ஆப்பு வைத்து, ரசமட்டம் பார்த்துச் சமமாக்கிவிட்டு, ஆப்புகளுக்கு நடுவே தொங்கும் இடங்களுக்கும் முட்டுக் கொடுக்க வேண்டும். முட்டில்லாத இடத்தில் பிளைவுட் மேளமாகிவிடும். ஒவ்வொரு அடிக்கும் மேல்மாடியில் இருப்பவர்கள் எழுந்துவிடுவார்கள். கடும் குளிரில் ஃபோம் விறைத்துக்கொள்வதால், சூடாக்காத கராஜில் ஸ்ட்ரிப்பை மட்டுமாவது வீட்டுக்குள் எடுத்து வைப்பது நல்லது.

பேஸ்மென்டில் பகை ஈரம். கான்கிரீட் பார்க்கக் காய்ந்திருக்கும், ஆனால் அடியிலிருந்து ஆவி ஏறிக்கொண்டேயிருக்கும். மேல் மூடப்பட்டதும் அது வெளியேற வழியில்லாமல் பிளைவுட்டில் பூஞ்சையாகிறது. பதினெட்டு அங்குலச் சதுர பிளாஸ்டிக் தாளை நாலு பக்கமும் டேப் போட்டுத் தரையில் ஒட்டி, குறைந்தது 16 மணி நேரம் கழித்து எடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். தாளின் அடியில் துளி கோத்திருந்தாலோ கான்கிரீட் கறுத்திருந்தாலோ, மேடைக்குக் கீழே குமிழ்க் குமிழாக மேடிட்ட பிளாஸ்டிக் விரிப்பு போட வேண்டும். குமிழ்களுக்கு இடையில் காற்று போகும். வினைல் தரை போட்ட அறையென்றால் வேறு தொல்லை: ரப்பரை நேரடியாக அதன் மேல் வைத்தால் சில மாதங்களில் மஞ்சள் கறை ஊறிவிடும், எதைப் போட்டுத் தேய்த்தாலும் போகாது. நடுவே ஒரு தடுப்பு விரிப்பு கட்டாயம்.

பராமரிப்பில் பாதி வேலை பந்து வைக்கும் இடத்தை மாற்றிக்கொண்டேயிருப்பது. ஆள் பழக்கத்தின் அடிமை. நூறு பந்தையும் ஒரே புள்ளியில்தான் வைப்பார். தேய்வது அந்தப் புள்ளியும் அதற்கு முன்னால் நாலு அங்குலமும். ஸ்ட்ரிப்பின் ஓரத்து மேடையில் இரண்டு அங்குலத்துக்கு ஒன்றாக ஐந்தாறு சின்ன மார்க்கர் கோடு போட்டு, ஒரு கூடைப் பந்துக்கு ஒரு கோடு என்று நகர்ந்தால் தேய்மானம் பரவும். கேமரா வகை கருவியென்றால் அது பார்க்கும் எல்லைக்குள்ளேயே நகர வேண்டும். மாதம் ஒருமுறை ஸ்ட்ரிப்பை முன்பின்னாகத் திருப்பிப் போடலாம். மேட்டை வேகமாகத் தின்பது வெட்ஜ். முழு ஸ்விங்கில் அதன் கூர்விளிம்பு இழையை அரிந்துவிடும். வெட்ஜுக்கென்று ஸ்ட்ரிப்பின் ஒரு முனையை ஒதுக்குவதும், ஐயன் பயிற்சியில் பாதியை ஒரு சென்டிமீட்டர் டீயில் வைத்து அடிப்பதும் மேட்டுக்கும் நல்லது, முழங்கைக்கும் நல்லது.

டிரைவருக்கு ரப்பர் டீ குத்தும் ஓட்டை ஐயன் அடிக்கும் வழியில் இருக்கக் கூடாது. ஓட்டையின் விளிம்பில் வெட்ஜ் பட்டால் கிழிசல் அங்கிருந்துதான் தொடங்கும். டீ இருண்ட நிறத்தில் இருப்பதும் நல்லது. வெள்ளை டீயைக் கேமரா பந்தோடு சேர்த்துப் பார்த்துக் குழம்புவது உண்டு.

சுத்தம் செய்வது சின்ன வேலை. வாக்குவம் கிளீனரில் சுழலும் பிரஷ்ஷை நிறுத்திவிட்டு வெறும் உறிஞ்சலில் மட்டும் ஓட்ட வேண்டும், இல்லையென்றால் இழை பஞ்சு பஞ்சாகப் பிரியும். பிறகு கெட்டியான துடைப்பத்தால் இழை சாய்ந்திருக்கும் திசைக்கு எதிராக ஒரு முறை. அழுக்கு அதிகமானால் நாலு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீருக்கு ஒரு டீஸ்பூன் பாத்திர சோப்பு, ஸ்பாஞ்சில் பிழிந்து துடைத்து, ஃபேன் காற்றில் ஒரு நாள் முழுக்கக் காயவிட வேண்டும். ப்ளீச் கிட்டேயே வரக் கூடாது, நைலானை அது அரித்துவிடும். மைதானத்தில் போட்ட ஷூவோடு மேடையில் ஏறக் கூடாது. ஒட்டியிருக்கும் மணல் இழைக்குள் இறங்கி, ஒவ்வொரு அடிக்கும் உப்புத்தாளாக வேலை செய்யும், கிளப்பின் சோலில் கீறலும் விழும். அந்தத் தூசு பந்தில் ஒட்டி, பந்து போய் இம்பாக்ட் திரையில் முத்திரை குத்தும். திரை அழுக்காகிறது என்று புலம்புகிறவர்கள் முதலில் மேட்டைப் பார்க்க வேண்டும்.

கடைசியாக, எல்லோரும் பதறுகிற பச்சைக் கறை. புது ஐயனின் சோலில் பச்சைப் பச்சையாகக் கோடு விழுந்திருக்கும். உரசும் சூட்டில் இழையின் மேல்தோல் உருகி உலோகத்தில் படிந்தது அது. கிளப்புக்கு ஒன்றும் ஆகவில்லை. அடித்து முடித்த கையோடு வெந்நீர்ச் சோப்பில் நனைத்த துணியால் துடைத்தால் பாதி போகும், மீதியை மெலமைன் ஸ்பாஞ்ச் எடுத்துவிடும். அசிட்டோன் நொடியில் எடுக்கும்தான், ஆனால் வெறும் எஃகில் மட்டும். எண்ணில் பூசிய வண்ணத்தில் பட்டால் வண்ணம் கரையும், ஷாஃப்டும் தலையும் சேரும் இடத்திலுள்ள கறுப்பு ஃபெரூல் வளையத்தில் தேங்கினால் அது இளகும், டிரைவர் தலையின் பெயின்ட் பக்கமே போகக் கூடாது. அதோடு அதன் ஆவி தீப்பற்றக் கூடியது. பேஸ்மென்டில் வாட்டர் ஹீட்டரும் ஃபர்னஸும் எரிந்துகொண்டிருக்கும், வெளியே எடுத்துப் போய்த்தான் துடைக்க வேண்டும். டிரைவரின் சோலில் ஒளிபுகும் டேப் ஒட்டிக்கொள்வது நல்ல யோசனை. மேட்டின் மேல் சிலிகான் ஸ்ப்ரே அடிப்பது கெட்ட யோசனை: பந்தின் மேல் ஏறி ஸ்பின் (பந்தின் சுழற்சி) எண்ணைக் கெடுக்கும், காலுக்குக் கீழே போனால் வழுக்கும்.

ஸ்ட்ரிப்பை எப்போது மாற்றுவது? ஆண்டுக் கணக்கு பார்க்க வேண்டாம். பந்து தானாக ஒரு குழியில் போய் உட்கார்ந்தால், பெருவிரலால் அமுக்கும்போது நடுவில் மட்டும் அடித்தளம் தட்டுப்பட்டால், அல்லது அடிக்கும் சத்தம் மந்தத்திலிருந்து மரத்தில் தட்டுவது போல மாறினால் காலம் முடிந்தது. புதியதைப் போட்ட அன்றே உயரத்தை மறுபடி அளந்துகொள்ளுங்கள். பழையது நாலைந்து மி.மீ. அமுங்கியிருக்கும், லாஞ்ச் மானிட்டருக்கு அடியில் வைத்த பலகை அந்த அமுங்கிய உயரத்துக்கு வைத்ததாக இருக்கும்.